வலப்பனைத் தோட்டங்களின் பித்தளைப் பாத்திரங்கள்



நாட்டு வரலாற்றைக் கல்வெட்டிலும் செப்பேட்டிலும் தேடுவது அறிஞர் வழக்கம். மலையகத் தமிழ் மக்களின் வரலாற்றை ஆராயப் புகுவோருக்கு அத்தகைய சாசனங்கள் கிடைப்பதில்லை. ஆயினும் உலோகத்திற் பொறித்த எழுத்து அவர்களிடமும் உண்டு. லயத்து அடுப்படி மூலையிலே கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும் பழைய அண்டாவின் விளிம்பைத் தடவிப் பார்த்தால் அது விரலில் தட்டுப்படும்.

நுவரெலியா மாவட்டத்தின் கிழக்குப் புறத்தில் உள்ளது வலப்பனை. உடப்புசல்லாவை, இராகலை ஆகிய உயர்ந்த இடங்களில் தேயிலையும், மகாவலியை நோக்கிச் சரியும் தாழ்ந்த இடங்களில் நெல்லும் விளையும் பகுதி இது. இங்குள்ள தோட்டங்களிற் பழைய பாத்திரம் சேர்க்கும் ஆர்வம் கொண்டோர் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. பாத்திரம் கிடைக்கிறது, மூடி கிடைப்பதில்லை. மூடி கிடைத்தால் அது வேறொரு பாத்திரத்தினுடையதாக இருக்கிறது. இது ஏன் என்று கேட்டுக்கொண்டு போனால், ஒரு சமுதாயத்தின் கதையே விரியக் காண்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் வந்த காலத்தில், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தே வந்தனர். தலையிற் சுமக்கக்கூடியதே அவர்கள் உடைமை. 1914ஆம் ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும், இருகரையிலும் அதனோடு இணைந்த புகையிரதமும் ஓடத் தொடங்கியபின் நிலைமை மாறிற்று. ஊருக்குப் போய்த் திரும்புவது எளிதாயிற்று. திருச்சி, சேலம், மதுரை, தஞ்சாவூர்ப் பகுதிகளிலிருந்து சீராகக் கிடைத்த தவலையும் குடமும் அண்டாவும் மலையேறின. நானுஓயாவிலிருந்து இராகலை வரை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைந்த சிறுபாதைப் புகையிரதமும் அக்காலத்தில் ஓடிற்று.

அந்நாளில் இவை கன்னார் கையால் அடித்துச் செய்தவை. செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளைத் தகட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டிக் குழித்து எடுப்பர். ஆகவே ஒரு தவலையின் வாயும் மற்றொரு தவலையின் வாயும் மயிரிழையேனும் வேறுபடும். ஒவ்வொரு மூடியும் தன் பாத்திரத்துக்கென்றே செய்யப்பட்டது. பித்தளையிற் புளி பட்டாற் களிம்பு ஏறும். அதனாற் பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தேய்த்து, உள்ளே வெள்ளீயம் பூசினர். அப்பூச்சு தேயத் தேய மீண்டும் பூச வேண்டும். இத்தொல்லை இல்லாத பொருள் பின்னர் வந்தது. 1898ஆம் ஆண்டிற் சென்னை கலைத்தொழிற் பள்ளியில் ஆல்பிரட் சட்டர்டன் என்பார் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கிவைத்தார். இலேசானதும் விலை குறைந்ததுமான அலுமினியம் காலப்போக்கில் ஏழைகளின் அடுப்புக்கு வந்து சேர்ந்தது. அச்சில் அழுத்திச் செய்யும் அப்பாத்திரங்களில் ஓரளவுக்கு உரிய மூடி அவ்வளவுள்ள எதற்கும் பொருந்தும்.

இனி எழுத்துக்கு வருவோம். பாத்திரம் வாங்கியதும் உளியாற் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டுவிப்பது தமிழர் வழக்கம். தகப்பன் பெயரின் முதலெழுத்து, உடையவர் பெயர், சிலவற்றிலே நாளும் ஊரும் காணப்படும். அதே எழுத்தை மூடியிலும் வெட்டுவர். திருமண வீட்டிலும் கோயில் விருந்திலும் இரவல் போன பாத்திரம் தவறாமல் வீடு திரும்புவதற்கு இதுவே வழி. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கைக்கு வந்த தொழிலாளி கழுத்திலே தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகர வில்லை ஒன்று தொங்கிற்று. பிறர் அவனுக்கு அளித்த உலோகத்தில் இலக்கம் இருந்தது. அவன் குடும்பம் தானே வாங்கிய உலோகத்திலேதான் பெயர் இருந்தது.

அப்பெயர்கள் சிதறியது எவ்வாறு? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தின் விளைவாக இம்மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 975,000 பேராகக் கணிக்கப்பட்டவர்களில் 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 300,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய 150,000 பேரை 1974ஆம் ஆண்டிற் சரிபாதியாகப் பிரித்தனர். அண்ணன் இங்கும் தம்பி நீலகிரிக்குமாகக் குடும்பங்கள் பிரிந்தன. குடும்பம் பிரிந்தபோது பாத்திரமும் பங்கிடப்பட்டது. கொண்டுபோக இயலாத பெரிய அண்டா தங்கிற்று; சிறியன கப்பலேறின. 1973, 1974ஆம் ஆண்டுகளில் உணவு அரிதாகித் தோட்டங்களிற் பட்டினி பரவியபோது, நகைக்குப் பின் பித்தளையும் விலைபோயிற்று. எடைக்கு வாங்குபவருக்கு எழுத்து எதற்கு? உலையிலே அது உருகிற்று.

ஆகவே பழம்பாத்திரம் சேர்ப்போருக்கு ஒரு வேண்டுகோள். மூடி தேடும்போது முதலில் எழுத்தை ஒப்பிடுங்கள். அடுத்து விளிம்பின் பொருத்தத்தையும் தகட்டின் கனத்தையும் சுத்தியல் தழும்பையும் பாருங்கள். எழுத்து மங்கியிருந்தால் அழுத்தித் தேய்க்க வேண்டாம். ஒரு சாய்வான வெளிச்சத்திற் பிடித்தால் அது தெரியும். பித்தளைத் தவலைக்கு அலுமினியத் தட்டு மூடியாக இருந்தால் அதை அழகற்றதென்று வீசிவிடாதீர்கள். உரிய மூடி போனபின் ஒரு தாய் எதைக்கொண்டு சோற்றை மூடினாள் என்பதற்கு அதுவே சான்று. அழகிய பொருத்தம் வேண்டி வேறெங்கோ வாங்கிய மூடியை வைத்தால் பாத்திரம் நிறைவுபெறும், வரலாறு குறைவுபடும்.

கம்பளைப் பகுதியிற் பழைய லயன் அறைகளிலேயே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலை ஒன்று 2007ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. தொழிலாளர் புழங்கிய வீட்டுப் பொருள்களை அங்கே காணலாம். எனினும் எல்லாப் பாத்திரமும் நூதனசாலைக்குப் போக வேண்டியதில்லை. வலப்பனையிலோ இராகலையிலோ உங்கள் வீட்டில் ஓர் அண்டா இருக்குமாயின், அதை விற்க நேர்ந்தாலும் நேரட்டும். வறுமைக்கு அறிவுரை சொல்வது முறையன்று. விற்குமுன் விளிம்பில் உள்ள எழுத்தை ஒரு தாளிலே எழுதிக்கொள்ளுங்கள். அது யார் பெயர், எந்த ஊரிலிருந்து வந்தவர் என்று வீட்டிலுள்ள பாட்டியைக் கேட்டு அதனடியிற் குறித்து வையுங்கள். அவர் இருக்கும்போதே கேளுங்கள்.