முதற்பிறந்தோர்

முதற்பிறந்தோர் என்பவர்கள் ஆர்தர் சி. கிளார்க்கும் ஸ்டீவன் பாக்ஸ்டரும் சேர்ந்து எழுதிய ‘எ டைம் ஒடிசி’ நாவல் வரிசையில் வரும் வேற்றுலக இனத்தார். பேரண்டத்தில் விண்மீன்கள் தோன்றத் தொடங்கிய இளமைக் காலத்திலேயே அறிவு பெற்றவர்கள். காலத்தை வெட்டவும் ஒட்டவும் வல்லவர்கள். ‘டைம்ஸ் ஐ’ (2003), ‘சன்ஸ்டோர்ம்’ (2005), ‘ஃபர்ஸ்ட்போர்ன்’ (2007) என்னும் மூன்று நாவல்களில் இவர்களின் கதை விரிகிறது. இவர்களை வாசகர் பெரும்பாலும் இவர்களது செயல்களாலும் கருவிகளாலுமே அறிகிறார்.

இவர்களுக்கு ஒரு முன்னோடி இனம் உண்டு. 1968இல் ஸ்டான்லி குப்ரிக்கின் திரைப்படமாகவும் கிளார்க்கின் நாவலாகவும் வெளிவந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’யில், ஆதிக் குரங்குமனிதர் நடுவே கரும்பாறை ஒன்றை நிறுத்தி, அவர்களின் மூளையைத் தட்டி எழுப்பியவர்கள் அந்த இனத்தார். அறிவு எங்கே முளைத்தாலும் அதைப் பேணி வளர்ப்பதே அவர்களின் வேலை. முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து அதே எழுத்தாளர் கற்பனையை நேர்மாறாகத் திருப்பினார். புதிய முதற்பிறந்தோர் அறிவை வளர்ப்பவர்கள் அல்லர், களைபவர்கள். கிளார்க்கின் கற்பனை உலகில் இதைவிடத் துணிச்சலான திருப்பம் வேறில்லை.

அவர்கள் அழிப்பதற்குக் காரணம் வெறுப்போ மண்ணாசையோ அல்ல, கணக்கு. வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதிப்படி, பயன்படக்கூடிய ஆற்றல் பேரண்டத்தில் குறைந்துகொண்டே போகும். ஒருநாள் எதுவும் நிகழ முடியாத நிலை வரும். தொடக்கத்திலிருந்தே வாழ்ந்துவரும் இனம் அந்த முடிவையும் காண நினைக்கிறது. அவர்கள் பார்வையில் புதிதாகத் தலையெடுக்கும் ஒவ்வொரு நாகரிகமும் பொதுச் சேமிப்பை வீணடிப்பதுதான். ஆகவே அதை முளையிலேயே கிள்ள வேண்டும். அதற்கும் மிகக் குறைந்த ஆற்றலையே செலவிட வேண்டும்.

அவர்களின் காலத் திறமை முழுமையாக வெளிப்படுவது முதல் நாவலில். 1895இல் எச். ஜி. வெல்ஸ் எழுதிய ‘தி டைம் மெஷின்’ நாவலில் மனிதன் வண்டியேறிக் காலத்தினூடே போகிறான். பாக்ஸ்டர் 1995இல் எழுதிய ‘தி டைம் ஷிப்ஸ்’ அந்த நாவலின் தொடர்ச்சிதான். பிரித்தானியத் தொலைக்காட்சித் தொடரான ‘டாக்டர் ஹூ’வில் 1969இல் பெயர் சூட்டப்பட்ட காலப் பிரபுக்களும் கலம் ஏறிப் பயணம் செய்பவர்களே. முதற்பிறந்தோர் எங்கும் பயணம் போவதில்லை. கடந்த இருபது இலட்சம் ஆண்டுகளின் பூமியிலிருந்து துண்டு துண்டாக நிலத்தை அறுத்தெடுத்து, அவற்றைத் தைத்து வேறொரு பூமியை உண்டாக்குகிறார்கள். ‘மிர்’ எனப்படும் அந்த உலகில் ஒரு காலத்தின் நிலம் முடியும் கோட்டில் இன்னொரு காலத்தின் நிலம் தொடங்குகிறது. வானில் வெள்ளி உருண்டைகளாக ‘கண்கள்’ அசையாமல் தொங்குகின்றன. இத்தகைய ஒட்டுப்போட்ட பூமியை பிரெட் ஹோய்ல் 1966இலேயே ஒரு நாவலில் கற்பனை செய்திருந்தார். அதன் பின்னால் ஒரு நோக்கத்தை வைத்தது கிளார்க்கும் பாக்ஸ்டரும்.

2037இல் பாகிஸ்தான்–ஆப்கானிஸ்தான் எல்லையில் அமைதிப் படையில் பணியாற்றும் பிசேசா தத், அந்த உலகில் 1885ஆம் ஆண்டின் ஜம்ருத் கோட்டையையும் அதில் இளம் பத்திரிகையாளரான ரட்யார்ட் கிப்ளிங்கையும் காண்கிறாள். அலெக்சாந்தரின் படையும் செங்கிஸ்கானின் படையும் பாபிலோனில் மோதுகின்றன. போர் அத்தியாயங்கள் தேவைக்கு மேல் நீள்கின்றன. அவற்றைவிட மனத்தில் நிற்பது, பிரித்தானியச் சிப்பாய்களிடம் சிறைப்பட்ட குரங்குமனிதத் தாயும் மகளும்தான். தம்மைப் பிடித்தவர்கள் தமது வழித்தோன்றல்களே என்பது அவ்விருவருக்கும் தெரியாது. மிர் என்பது அழியப்போகும் இனத்திலிருந்து முன்கூட்டியே எடுத்து வைத்த மாதிரி என்பது பின்னர் விளங்குகிறது.

அடுத்த இரு நாவல்களில் காலத்தின் இடத்தை ஆயுதங்கள் பிடித்துக்கொள்கின்றன. நெடுங்காலத்துக்கு முன்பே சூரியனுக்குள் எறியப்பட்ட ஒரு பெருங்கோளால் 2042இல் சூரியப் புயல் மூள்கிறது. மனிதர் விண்வெளியில் மாபெரும் கேடயம் கட்டித் தப்புகிறார்கள். பிறகு பூமியையே பேரண்டத்திலிருந்து பிய்த்தெறியும் குண்டு ஒன்று வருகிறது.

இந்தக் காலவித்தை அறிவியலுக்கு எவ்வளவு நெருக்கமானது? எதிர்காலத்தை நோக்கி விரைவது மெய்யானதே. 1971இல் விமானங்களில் உலகைச் சுற்றிவந்த அணுக்கடிகாரங்கள், தரையில் இருந்தவற்றோடு ஒப்பிடுகையில் நொடியின் மிகச் சிறு பங்கு வேறுபட்டிருந்தன. கடந்த காலத்துக்குத் திரும்புவது அப்படியல்ல. சுழலும் பேரண்டம் ஒன்றில் அது இயலும் என்று 1949இல் கர்ட் கோடெல் கணித்துக் காட்டினார். ஆனால் நமது பேரண்டம் அவ்வாறு சுழல்வதாகச் சான்றில்லை. இயற்கையே அதைத் தடுக்கும் என்று 1992இல் ஸ்டீபன் ஹாக்கிங் கருத்துரைத்தார்.

பிற உலகங்களில் காலம் வேறாக ஓடும் என்பது தமிழ் வாசகருக்குப் புதிதல்ல. மகள் ரேவதிக்கு வரன் கேட்கப் பிரமலோகம் போன மன்னன் ககுத்மி, பாட்டுக் கச்சேரி முடியும்வரை காத்திருந்ததற்குள் மண்ணில் இருபத்தேழு சதுர்யுகங்கள் கழிந்துவிட்டதைப் பாகவதம் சொல்கிறது.

முதற்பிறந்தோரின் கதைக்கு இலங்கையோடு நேரடித் தொடர்பு உண்டு. இங்கிலாந்தில் 1917இல் பிறந்த கிளார்க், 1956 முதல் இறக்கும்வரை இலங்கையிலேயே வாழ்ந்தார். அவரது ‘தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்’ (1979) நாவலில் விண்ணுக்கு ஏறும் தூக்கிக்கு அடித்தளமாகும் மலை, சப்ரகமுவவின் எல்லையில் நிற்கும் சிவனொளிபாதமலையை மாதிரியாகக் கொண்டது. அந்த நாவலிலும் வேற்றுலக விண்கலம் ஒன்று சூரிய மண்டலத்தைக் கடந்து போகிறது.

கிளார்க் 2008 மார்ச் 19 அன்று கொழும்பில் காலமானார். பிரெடெரிக் போலுடன் சேர்ந்து அவர் எழுதிய ‘தி லாஸ்ட் தியரம்’ அதே ஆண்டில் வெளிவந்தது. மனித இனத்தை அழிக்க முடிவெடுக்கும் மிகப் பழைய வேற்றுலகத்தார் அதிலும் வருகிறார்கள். கதைநாயகன் ரஞ்சித் சுப்ரமணியன், திருக்கோணேஸ்வரத்துத் தலைமைக் குருக்களின் மகன். 1950களில் கிளார்க்கும் அவரது முக்குளிப்புத் தோழர் மைக் வில்சனும் கடலில் மூழ்கி, போர்த்துக்கேயர் இடித்த பழைய கோயிலின் இடிபாடுகளைக் கண்டது அந்தக் கோயிலின் அடிவாரத்தில்தான்.