பள்ளி இருந்த ஊருக்குக் குடிபெயர்ந்தவர்கள்

காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளி பம்பாயில் 1880-களின் நடுவில் வந்தது. கல்கத்தாவில் 1893-ல் வந்தது. இரண்டும் மாகாணத் தலைநகரங்கள். தெற்கே அந்த வேலை வேர்பிடித்ததோ எங்கள் பாளையங்கோட்டையில். 1890-ல் ஆஸ்க்வித் அம்மையார் இங்கே பார்வையற்றவர்களுக்குப் பள்ளி ஆரம்பித்தார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஃபுளோரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் காது கேளாதவர்களுக்கு ஆரம்பித்தார். இருவரும் இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரிகள். இரண்டு பள்ளிகளும் இன்றும் நடக்கின்றன.

எந்த அரசாங்கமும் கணக்கெடுத்து, எந்தத் தாலுகாவில் எத்தனை பிள்ளைகள் என்று பார்த்து இந்த ஊரைக் குறிக்கவில்லை. அந்தப் பெண்கள் இங்கே வேலை பார்த்தார்கள், தங்களிடம் வந்த பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்கள், பள்ளி எழும்பிவிட்டது. அடுத்த நூறு வருடமும் இதே கதைதான். பள்ளி பிள்ளையைத் தேடிப் போகவில்லை, பிள்ளைதான் பள்ளி இருந்த ஊரைத் தேடி வந்தது. ஈழத்திலும் அப்படித்தான். அங்கே 1912-ல் கொழும்புக்குத் தெற்கே ஒரு பள்ளி தொடங்கியது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குப் பக்கத்திலேயே, கைதடியில், நஃபீல்டு பள்ளி வர 1956 ஆயிற்று.

பக்கத்துத் திருநெல்வேலிக்கு 1870-களிலேயே ரயில் வந்துவிட்டதால் தூரத்து ஊர்களிலிருந்தும் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுதியில் விட முடிந்தது. ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள். விடுதியில் ஒன்றுக்கொன்று கையால் பேசிப் பழகி, லீவுக்கு வீட்டுக்குப் போனால் அந்தப் பேச்சு அங்கே ஒருவருக்கும் புரியாது. பிரிய மனமில்லாத பெற்றோர் சிலர் ஊரில் வீட்டைப் பூட்டிவிட்டுப் பள்ளிக்குப் பக்கத்தில் வாடகைக்கு வந்தார்கள். இன்னும் சில வீடுகளில் அப்பா ஊரில் கடையைப் பார்க்க, அம்மாவும் பிள்ளையும் இங்கே. அப்படிப்பட்ட குடும்பங்களை நான் சின்ன வயதிலிருந்தே எங்கள் தெருவில் பார்த்திருக்கிறேன். அவர்களை யாரும் எழுதிவைக்கவில்லை. பள்ளி வரலாற்றில் நிறுவியவர் பெயர் இருக்கும், கட்டடம் திறந்த தேதி இருக்கும். குடிபெயர்ந்த தாய் இருக்க மாட்டாள். எனக்கு அவள்தான் முக்கியம்.

ஏனென்றால் பின்னாளில் நானே அவளானேன். என் மகனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவன் அப்பாவுக்கு மத்திய அரசு வேலை, மாற்றல் உண்டு. உள்ளூரில் இருந்தவரை அவன் கையால் கதை சொல்லுவான், சண்டை போடுவான், கணக்குப் போடுவான். வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. அங்கே நாங்கள் சேர்த்த பள்ளியில் சைகைக்கே இடமில்லை. கை தூக்கினால் டீச்சர் பிடித்து மேஜைமேல் வைத்துவிடுவார்.

இதற்கும் ஒரு பழைய காரணம் உண்டு. 1880-ல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, காது கேளாத பிள்ளைகளை வாயால் பேசவைப்பதே உயர்ந்தது, சைகை வேண்டாம் என்று முடிவெடுத்தது. அந்தத் தீர்மானம் உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் எல்லாப் பள்ளிகளும் அதை ஒரே மாதிரி ஏற்கவில்லை. ஒரு பள்ளியில் சைகை, இன்னொன்றில் வாய்ப்பேச்சு, வேறொன்றில் இரண்டும் கலந்து என்று ஆகிவிட்டது.

வாய்ப்பேச்சு வகுப்பை நான் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கண்ணாடி முன்னால் பிள்ளை நிற்கும். ‘அப்பா’ என்றாலும் ‘அம்மா’ என்றாலும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். ‘ப’வுக்கு உதட்டருகே பிடித்த காகிதத் துண்டு அசையும், ‘ம’வுக்கு அசையாது, மூக்கின் மேல் விரல் வைத்தால் அதிர்வு தெரியும். அதை வைத்துத்தான் பிள்ளை அப்பாவையும் அம்மாவையும் பிரித்துச் சொல்லப் பழக வேண்டும். அந்த டீச்சர்களின் பொறுமையைக் குறை சொல்ல என்னால் முடியாது. சென்னையில் 1969-ல் தொடங்கிய பால வித்யாலயா, கைக்குழந்தையிலேயே கேட்கும் கருவி மாட்டி இந்த வழியில் பேசப் பழக்கியது. அங்கிருந்து பிள்ளைகள் சாதாரணப் பள்ளிகளுக்குப் போனார்கள். ஆனால் கையால் நினைக்கப் பழகிய பத்து வயதுப் பையனை நடுவில் கொண்டுபோய் அதில் போடுவது அவன் தாய்மொழியைப் பிடுங்குவதுதான். என் மகன் அந்த வருடம் வீட்டிலும் பேசுவதை நிறுத்திவிட்டான். அவனை அழைத்துக்கொண்டு நான் ஊர் திரும்பினேன். அவன் அப்பா அங்கேயே மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டு வேலை பார்த்தார்.

மாற்றுத்திறனாளிப் பிள்ளையைப் பராமரிக்கும் மத்திய அரசு ஊழியருக்கு வழக்கமான சுழற்சி மாற்றலிலிருந்து விலக்குத் தரலாம் என்று 2014-ல்தான் ஆணை வந்தது. அதிலும் ‘நிர்வாகச் சூழல் இடங்கொடுத்தால்’ என்ற நிபந்தனை உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டம், வரையறுக்கப்பட்ட அளவுக்குக் குறைபாடு உள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு, பக்கத்துப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் பள்ளி மாறும்போது கொடுக்கும் டி.சி.யில் பிள்ளையின் வகுப்பு இருக்கிறது, நடத்தை இருக்கிறது. அது எந்த வழியில் பேசிப் படித்தது என்பதற்கு ஒரு வரி இல்லை.

கல்வித்துறை அந்த ஒரு வரியைச் சேர்க்க வேண்டும். எந்தப் பள்ளியில் எந்த முறை என்ற பட்டியலை மாவட்டவாரியாக வெளியிட வேண்டும். மாற்றல் உத்தரவு வாங்கிய பெற்றோருக்கு: வீடு பார்ப்பதற்கு முன்னால் புதுப் பள்ளிக்குப் போய், இடைவேளை நேரத்தில் பிள்ளைகள் தங்களுக்குள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று பாருங்கள். அதன்பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.