அறிமுகமற்றோர் வட்டமும் அக்கம்பக்கத்தார் வட்டமும்

ஒருபக்கம் மட்டும் தெரியும் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, எதிர் அறையில் ஏழெட்டுப் பேர் தங்கள் மனக்கஷ்டத்தைப் பேசுவதை வாராவாரம் பார்ப்பது. பேசுபவர்களுக்கும் அது தெரியும், சம்மதித்துத்தான் வருகிறார்கள். குழு உளச்சிகிச்சை நடத்தக் கற்பவர் இங்கிருந்து தொடங்கவேண்டும் என்றார் அமெரிக்க மனநல மருத்துவர் இர்வின் யாலோம். 1970இல் வெளிவந்த அவருடைய பாடநூல்தான் இத்துறை மாணவர்களின் அடிப்படை நூல். பார்த்துப் பழகிய பிறகு நெருக்கமான மேற்பார்வையில் சொந்தமாக ஒரு குழு நடத்தவேண்டும். தானே ஒரு குழுவில் உறுப்பினராக இருந்து, மனம்விட்டுப் பேசுவது எவ்வளவு கடினம் என்று உணரவேண்டும். தனியாகவும் சிகிச்சை எடுத்துக்கொள்ளவேண்டும். எல்லாம் முடிய ஆண்டுகள் ஆகும்.

உகாண்டாவில் நடந்தது வேறு. தென்மேற்கில், எய்ட்ஸ் சூறையாடிய 30 கிராமங்களில் மனச்சோர்வுக்கான குழு சிகிச்சை சோதிக்கப்பட்டது. நடத்தியவர்கள் மருத்துவர்களோ உளவியலாளர்களோ அல்ல, பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர்க்காரர்கள். அவர்களுக்குக் கிடைத்தது இரண்டு வாரத் தீவிரப் பயிற்சியும், பிறகு தொடர்ந்த மேற்பார்வையும். பெண்களுக்குப் பெண், ஆண்களுக்கு ஆண் தலைமை. வாரம் ஒன்றரை மணி நேரம். மொத்தம் 16 வாரம். 2003இல் முடிவு வெளியானது. சிகிச்சை பெற்றவர்களில் மனச்சோர்வு நீடித்தது 6.5 சதவீதத்தினரிடம், பெறாத கிராமங்களில் 54.7 சதவீதத்தினரிடம். இதே முறையை எட்டு அமர்வுகளாகச் சுருக்கி, 2016இல் உலக சுகாதார நிறுவனம் கையேடாக வெளியிட்டது.

நீண்ட படிப்பு வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. அந்த இரண்டு வாரத்தைத் திட்டமிட்டு நடத்தியவர்கள் நீண்ட படிப்பு படித்தவர்களே. அவர்கள் கற்பித்ததும் ஒரு நோய்க்கான ஒரு முறையை மட்டுமே. யாலோமின் மாணவர் எந்தக் குழுவிலும் அந்தக் கணத்தில் மனிதர்களுக்கிடையே என்ன நடக்கிறது என்று படிக்கக் கற்கிறார். உகாண்டாத் தலைவிக்குத் தெரியவேண்டியது, இழப்பு, சண்டை, வாழ்க்கை மாற்றம் ஆகியவற்றில் எது இந்தப் பெண்ணை வீழ்த்தியது, அதற்கு இந்த வாரம் அவளால் என்ன செய்யமுடியும் என்பதுதான்.

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழில் பகுதிக்கு இவற்றில் எது ஒத்துவரும்? இங்கே முன்னோடி ஒன்று உண்டு. வேலூர் பாகாயத்தில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) மனநல மையம் 1950களிலேயே, டாக்டர் ஃப்ளாரன்ஸ் நிக்கல்ஸ் காலத்திலேயே, நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கவேண்டும் என்ற முறையைக் கொண்டுவந்தது. அதே காலத்தில் அமிர்தசரசில் டாக்டர் வித்யா சாகர் மருத்துவமனை வளாகத்தில் கூடாரமடித்துக் குடும்பங்களைத் தங்கவைத்து, கூட்டமாக உட்காரவைத்துப் பேசினார். உறவினர் என்பவர் சிகிச்சைக்கு இடைஞ்சல் அல்ல, அதன் ஒரு பகுதி என்று நம் நாட்டு மருத்துவம் அப்போதே கண்டுகொண்டது. யாலோமின் குழுவோ பெரும்பாலும் ஒருவரையொருவர் அறியாதவர்களின் குழு. வெளியே பழக நேர்ந்தால் அதையும் குழுவில் கொண்டுவந்து பேசவேண்டும் என்பது அங்கே விதி.

ஆம்பூரில் அந்த விதி முதல் வாரமே உடைந்துவிடும். ஷூ கம்பெனியில் அப்பர் எனப்படும் ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கும் பெண்கள் ஒரே கம்பெனி பஸ்ஸில் ஏறி, ஒரே லைனில் உட்கார்ந்து, ஒரே ஊருக்குத் திரும்புகிறவர்கள். அதைவிடச் சிக்கலானது கடன். ஒருத்தி குழுவில் அழுதுகொண்டே, “இந்த மாசம் தவணை கட்ட முடியலக்கா, வீட்டுக்காரர் சம்பளத்தைக் குடிச்சே தீர்த்துட்டார்” என்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். எதிரில் இருப்பவள் அதே குழுக்கடனில் அவளுக்கு ஜாமீன். அவள் கட்டாவிட்டால் இவள் கட்டவேண்டும். ஆறுதல் சொல்லவேண்டிய வாய், “அப்ப யார் கட்டறது?” என்று கேட்டுவிடும். அந்தக் கேள்வியில் நியாயமும் இருக்கிறது. தலைவி அங்கே உபதேசம் செய்தால் இருவரும் அடுத்த வாரம் வரமாட்டார்கள். வாயடைத்துப்போனாலும் வரமாட்டார்கள். இரண்டு பேரின் பயத்தையும் ஒரே நேரத்தில் பேசவைக்கத் தெரிந்திருக்கவேண்டும். எந்தக் கண்ணாடிக்குப் பின்னாலும் இதைப் பார்த்துப் பழக முடியாது. இந்த ஊரின் குழுவில்தான் கற்கமுடியும்.

ஆகவே, தலைமைக்கு உகாண்டா வழியே இங்கே பொருந்தும் என்பது என் முடிவு. உள்ளூர்ப் பெண், குறுகிய பயிற்சி, ஒரே முறை. ஆனால் யாலோமிடமிருந்து ஒன்றை விட்டுக்கொடுக்கவே கூடாது: மேற்பார்வை. அமெரிக்காவில் குழு சிகிச்சையாளர் சான்றிதழுக்கு 300 மணி நேரம் குழு நடத்திய அனுபவத்தோடு 75 மணி நேர மேற்பார்வையும் கேட்கிறார்கள். நான்கு மணி நேரக் குழுவுக்கு ஒரு மணி நேர மேற்பார்வை என்ற இந்த விகிதத்தை நம் பயிற்சிகளோடு ஒப்பிட்டால் மனம் வலிக்கிறது. ஒரு மண்டபத்தில் ஒரு நாள் வகுப்பு, மதியச் சாப்பாடு, சான்றிதழ், குரூப் போட்டோ. அதற்குப் பிறகு தலைவியை யாரும் தொலைபேசியில்கூட விசாரிப்பதில்லை. தற்கொலை எண்ணத்தை ஒருத்தி வாய்விட்டுச் சொன்ன இரவில் தலைவி யாரிடம் கேட்பாள்? வாரம் ஒருமுறை ஒரு மனநல வல்லுநர் அவளோடு உட்கார்ந்து, குழுவில் நடந்ததை ஒவ்வொன்றாகக் கேட்கவேண்டும். அவசரம் என்றால் நோயாளியை அன்றே அனுப்பிவைக்க ஒரு வழியும் இருக்கவேண்டும். பாகாயம் அருகிலேயே இருக்கும் ஒரு பகுதியில் இது எட்டாத ஏற்பாடு அல்ல.

தலைவியைத் தேர்ந்தெடுப்பதிலும் கண்டிப்பு வேண்டும். லைன் சூப்பர்வைசர் கூடாது. லீவு லெட்டரில் கையெழுத்துப் போடுபவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கூடாது. கடன் வசூலோடு தொடர்புள்ளவர் அறவே கூடாது. குழு கூடும் இடமும் கம்பெனி வளாகத்துக்கு வெளியே, பஸ் இறக்கிவிடும் ஊரிலேயே இருக்கவேண்டும்.