ஒரு சொல், இரு உறவுகள்: துருக்கியரின் ‘ஹலா’

அரபி கற்றவர் எவரும் துருக்கி மொழியின் ‘ஹலா’ என்னும் சொல்லைக் கண்டதும் தாயின் சகோதரியையே எண்ணுவார். அரபியில் ‘காலா’ அவர்தாம். ஆயினும் துருக்கியர் நாவில் ஹலா என்பவர் தந்தையின் சகோதரி. அரபியிலிருந்து சென்ற ஒரே சொல், தாய்வழியை விட்டுத் தந்தைவழிக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

பெற்றோரின் உடன்பிறந்தோரைக் குறிக்கத் துருக்கியில் நான்கு சொற்கள் உள்ளன. தாயின் சகோதரர் ‘டாயி’, சகோதரி ‘தெய்ஸே’. இவை துருக்கியின் சொந்தச் சொற்கள். தந்தையின் சகோதரர் ‘அம்ஜா’, சகோதரி ‘ஹலா’. இவை அரபி வேரின. அம்ஜாவில் அரபியின் ‘அம்மு’ தன் பொருள் மாறாமலே நிற்கிறது. இரவல் சொற்கள் வந்த பின்னும் தாய்வழி, தந்தைவழி என்னும் பாகுபாட்டைத் துருக்கியர் கைவிடவில்லை என்பது நோக்கத்தக்கது.

உடன்பிறந்தாரைக் குறிக்கும் ‘கர்தேஷ்’ தொன்மையானது. இதன் பழைய வடிவம் ‘கரின்தாஷ்’. ‘கரின்’ என்றால் வயிறு. ‘தாஷ்’ என்பது உடனிருப்பதைக் காட்டும் விகுதி. ஒரே உதரத்தில் பிறந்தவர் என்னும் நம் ‘சகோதரர்’ போன்றதே இது. 1072இல் மஹ்மூத் அல்காஷ்கரி பக்தாதில் எழுதத் தொடங்கிய ‘தீவானு லுகாதித் துர்க்’, இத்தகைய துருக்கிச் சொற்களை அரபியரின் பொருட்டு அரபியிலேயே விளக்கிய அகராதியாகும். ஆண், பெண் இருபாலருக்கும் கர்தேஷ் பொது. வேறுபடுத்த வேண்டின் ‘எர்கெக் கர்தேஷ்’, ‘கிஸ் கர்தேஷ்’ என்பர். ஒரே தாயிடம் பாலருந்தியவர் ‘சூத் கர்தேஷ்’. ‘சூத்’ என்பது பால்.

உறவுப் பெயரில் நேரும் பிழை சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடுவதில்லை. மணமுடிக்கத் தகாதோரைக் கூறும் திருக்குர்ஆனின் 4:23ஆம் வசனம், தந்தையின் சகோதரிகளையும் தாயின் சகோதரிகளையும் தனித்தனியே குறிப்பிடுகிறது. ஹனஃபி சட்டப்படி, முன்னுரிமை பெற்ற வாரிசுகள் எவருமின்றி இவ்விருவர் மட்டும் எஞ்சினால், தந்தையின் சகோதரிக்கு மூன்றில் இரண்டு பங்கு. தாயின் சகோதரிக்கு மூன்றில் ஒன்று. துருக்கிக் குடும்பமொன்றின் ஆவணத்தில் வரும் ‘ஹலா’வை அரபி இலக்கணம் கொண்டு படிப்பவர், உரியவரின் பங்கைப் பாதியாக்கிவிடுவார்.

வக்ஃபு செய்தவரின் சொல்லையும் சத்தியம் செய்தவரின் சொல்லையும் அவரவர் வழக்கின்படியே பொருள்கொள்ள வேண்டும் என்பது ஹனஃபி அறிஞர்களின் நெறி. சொல்லின் வேரை அகராதி காட்டும். பேசியவர் யாரைக் கருதினார் என்பதை ‘உர்ஃப்’ எனப்படும் மக்கள் வழக்கே காட்டும். அரபி நன்கறிந்தவர்களுக்கே இந்த எச்சரிக்கை அதிகம் தேவைப்படுகிறது.