இயல்பு என்னும் எல்லைக்கோடு

ரத்தப் பரிசோதனைத் தாள் கைக்கு வந்ததும் நம் கண்கள் நேராக அதன் வலது ஓரத்துக்குத்தான் செல்கின்றன. மொத்தப் புரதம் 6.0 முதல் 8.3 வரை, அல்புமின் 3.5 முதல் 5.0 வரை, டெசிலிட்டருக்கு இத்தனை கிராம் என்று அங்கே அச்சிட்டிருக்கிறது. ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் இந்த எண்கள் சற்று மாறும். நம் எண் அதற்குள் இருந்தால் நிம்மதி. புள்ளி இரண்டு குறைந்தாலும் அன்றிரவுத் தூக்கம் போயிற்று. இந்த எல்லைகளை வகுத்தவர் யார் என்று நாம் கேட்பதில்லை.

கதை ஒரு கரண்டியிலிருந்து தொடங்குகிறது எனலாம். லண்டன் கைஸ் மருத்துவமனையில் பணியாற்றிய ரிச்சர்ட் பிரைட், உடல் வீங்கி வந்த நோயாளிகளின் சிறுநீரைக் கரண்டியில் ஏந்தி மெழுகுவத்திச் சுடரில் காட்டினார். முட்டையின் வெண்கருவைப் போல அது உறைந்தது. 1827இல் அவர் வெளியிட்ட நூல், வீக்கத்தையும் பழுதுபட்ட சிறுநீரகத்தையும் தொடர்புபடுத்தியது. அவருக்காக வேதியியல் சோதனைகளைச் செய்த ஜான் பாஸ்டாக், அந்நோயாளிகளின் சீரம் அடர்த்தி குன்றியிருப்பதைக் கண்டார். ரத்தம் இழந்த புரதம்தான் கரண்டியில் உறைந்தது. ‘அல்புமின்’ என்ற பெயரே வெண்கருவைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழி வந்ததுதான்.

அடுத்த நூறாண்டை விரைந்து கடந்துவிடலாம். 1937இல் சுவீடனின் உப்சாலாவில் ஆர்னே டிசெலியஸ், சீரத்தில் மின்சாரத்தைச் செலுத்தி, புரதங்களை அவை நகரும் வேகத்தைக் கொண்டு பிரித்தார்: முன்னே அல்புமின், பின்னே ஆல்பா, பீட்டா, காமா குளோபுலின்கள். (பௌதிகம் மிகுந்துவிட்டதென்று உயிர்வேதியியல் இதழொன்று அக்கட்டுரையைத் திருப்பியனுப்பியது, 1948இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.) மொத்தப் புரதம் என்னும் ஒற்றை எண் எவ்வளவை மறைக்கவல்லது என்பது இத்தகைய பிரிப்பினால்தான் தெளிவாகிறது. நாட்பட்ட கல்லீரல் நோயில் அல்புமின் குறைந்து குளோபுலின் கூடும்போது, கூட்டுத்தொகை ஒன்றுமறியாததுபோல் எல்லைக்குள் நிற்பதுண்டு.

சரி, எது இயல்பு? ஆய்வுக்கூடப் பணியாளர்கள், மருத்துவ மாணவர்கள், ரத்தக் கொடையாளர்கள் என்று கைக்கு எட்டியவர்களின் ரத்தமே நெடுங்காலம் அளவுகோலாக இருந்தது. 1969இல் பின்லாந்தின் ரால்ஃப் கிராஸ்பெக்கும் நில்ஸ்-எரிக் சாரிஸும் ‘இயல்பு மதிப்பு’ என்ற சொல்லையே கைவிட்டு, ‘ஒப்பீட்டு மதிப்பு’ எனச் சொல்ல முற்பட்டனர். 1987இல் சர்வதேச மருத்துவ வேதியியல் கூட்டமைப்பு விதிமுறையை வகுத்தது: குறைந்தது 120 ஆரோக்கியமானவர்களை அளக்க வேண்டும், நடுவிலுள்ள 95 சதவீதத்தினரின் மதிப்புகளே எல்லை.

இங்கேதான் நம்மில் பலர் அறியாத ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது. மீதமுள்ள 5 சதவீதத்தினரும் ஆரோக்கியமானவர்களே! ஒன்றையொன்று சாராத இருபது சோதனைகளைச் செய்துகொண்டால், நோயற்ற ஒருவருக்கு அனைத்துமே எல்லைக்குள் அமையும் வாய்ப்பு 36 சதவீதம்தான். இன்று பல தாள்களில் ஒப்பீட்டு இடைவெளி என்றே அச்சாகிறது. நாமோ அதை இன்னும் ‘நார்மல்’ என்றே வாசிக்கிறோம்.

படுத்திருந்தவர் எழுந்து நின்றால் கால் மணி நேரத்தில் அவருடைய புரதச் செறிவு ஏறக்குறைய 10 சதவீதம் உயரக்கூடும். கர்ப்பிணியின் ரத்தத்தில் நீர்ப்பகுதி பெருகுவதால் அல்புமின் தாழ்கிறது. அவருடைய தாளிலும் பெரும்பாலும் அதே 3.5தான் அச்சாகிறது.