போர்க்களத்திலிருந்து படுக்கையறைச் சுவர் வரை

வீடு பார்க்க வரும் ஆய்வாளரின் கையில் இன்று துப்பாக்கிப் பிடியோடு இருக்கிறதே வெப்பப்படக் கேமரா, அதன் மூதாதை ஒரு சாதாரண வெப்பமானி. 1800-இல் இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியைப் பட்டகத்தால் நிறம் நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், ஒளியே இல்லாத இடத்தில்தான் பாதரசம் அதிகம் ஏறியது. அகச்சிவப்புக் கதிர் அகப்பட்டது இப்படித்தான்.

அதைப் படமாக்கும் கருவிக்குப் பணம் போட்டது பெரும்பாலும் ராணுவம். இருட்டில் எதிரியின் உடல் சூடும் வண்டி எஞ்சின் சூடும் தெரிய வேண்டும். 1960-களில் ஸ்வீடனின் ஆகா நிறுவனம் அந்த அறிவை மின்கம்பிச் சோதனைக்குத் திருப்பியது. இணைப்பு தளர்ந்த இடம் சூடாகும், படத்தில் பளிச்சென்று தெரியும். உணரியைக் குளிர்விக்க மைனஸ் 196 டிகிரித் திரவ நைட்ரஜனை ஊற்ற வேண்டியிருந்தது. அதைச் சுமந்துகொண்டு யார் வீடு வீடாக ஏறி இறங்குவது? ஆனால் 1973-இல் எண்ணெய் விலை எகிறியதும், குளிர் நாடுகளில் எந்தச் சுவர் வழியாகச் சூடு வெளியே ஓடுகிறது என்ற கேள்வி பணக் கேள்வியாகிவிட்டது. கட்டடங்களை இப்படிச் சோதிக்கும் முறைக்கு 1983-இல் பன்னாட்டுத் தர நிர்ணயமே வந்தது.

நைட்ரஜன் குடுவையைக் கழற்றிப் போட்டது அமெரிக்காவின் ஹனிவெல் நிறுவனம். வனேடியம் ஆக்சைடு பூசிய நுண்ணிய உணரிகள், குளிர்விக்காமலே வேலை செய்தன. ராணுவ ரகசியமாக இருந்த இந்த நுட்பம் 1992-இல்தான் வெளியே வந்தது.

அதே 1992 ஜனவரியில், ஆரிகன் மாநிலத்தின் ஃப்ளாரன்ஸ் ஊரில், விடியற்காலை மூன்றேகால் மணி சுமாருக்கு அரசு ஏஜென்டுகள் தெருவில் காருக்குள் இருந்தபடியே ஒரு வீட்டின் மேல் வெப்பப்படக் கேமராவைத் திருப்பினார்கள். கராஜ் கூரை பக்கத்து வீடுகளைவிடச் சூடாக இருந்தது. அதையும் ஓர் ஆதாரமாகக் காட்டி வாரன்ட் வாங்கி உள்ளே போனபோது, விளக்கு வெப்பத்தில் நூறுக்கு மேற்பட்ட கஞ்சாச் செடிகள். ஆனால் 2001-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில், வாரன்ட் இல்லாமல் அப்படிக் கேமரா பிடித்ததே சட்டவிரோதச் சோதனை என்றது. வீட்டுக்காரி இரவில் எந்த நேரத்தில் சூட்டுக் குளியல் எடுக்கிறாள் என்பதுகூட இந்தக் கருவிக்குத் தெரிந்துவிடுமே என்று கவலைப்பட்டார் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்காலியா. குற்றவாளிக்குச் சாதகமாகப் போன தீர்ப்புதான். ஆனாலும் எனக்கு அது சரியாகவே படுகிறது.

தெருவில் நின்றபோது வழக்கான அதே கருவியை இப்போது வீட்டுக்காரரே காசு கொடுத்து உள்ளே அழைக்கிறார். 2014-இல் செல்போனில் செருகும் வடிவத்திலும் வந்துவிட்டது. மலிவானதும் மயக்கமும் கூடிவிட்டது. சுவருக்குள் ஊடுருவிப் பார்க்கும் கண் என்று பலர் நம்புகிறார்கள். அப்படியில்லை. மேற்பரப்பின் வெப்பத்தை மட்டுமே அது அறியும். ஈரமான இடத்தில் நீர் ஆவியாகும்போது சுவர் குளிரும். அது படத்தில் நீலத் திட்டாகத் தெரியும். ஏசி காற்று நேராக அடிக்கும் இடமும் அதே நீலம்தான். பளபளப்பான எஃகு தன் சூட்டைக் காட்டாமல் எதிரில் நிற்பவரின் சூட்டைப் பிரதிபலிக்கும். சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிரை விடாது. அதனால்தான் கேமராவின் லென்ஸே ஜெர்மேனியத்தால் ஆனது. உள்ளும் வெளியும் ஒரே சூடாக இருக்கும் நாளில் குறைகள் பெரும்பாலும் ஒளிந்துகொள்ளும்.

புது ஃபிளாட்டின் சாவி வாங்குமுன் இந்தச் சோதனை செய்து தருபவர்கள் நம் நகரங்களிலும் இருக்கிறார்கள். வண்ணப் படம் போட்ட அறிக்கையைக் கண்டு அசந்துவிடாதீர்கள். நீலமாகத் தெரிந்த ஒவ்வோர் இடத்திலும் ஈரப்பத மீட்டரை வைத்துப் பார்த்தாரா என்று கேளுங்கள். பார்க்கவில்லை என்றால், பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.