வாசலில் ஒரு பட்டறை

வரலாறு என்றதும் கோட்டைகளும் கல்வெட்டுகளும் போர்களுமே உங்கள் நினைவுக்கு வரும் என்பதை நான் அறிவேன். எனது ஊர் கீழ்பென்னாத்தூர். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையில் இருப்பது. மேற்கே அண்ணாமலையார் கோயில். கிழக்கே செஞ்சிக் கோட்டை. இவ்விரண்டுக்கும் நடுவே பிறந்து வளர்ந்து, நாற்பதாண்டுக் காலம் பள்ளியில் வரலாறு கற்பித்த ஒருவன், கோயிலையும் கோட்டையையும் விட்டுவிட்டுப் பழைய மோட்டார் கார் ஒன்றைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால், ஆவணம் இருக்கும் இடத்தில்தானே வரலாற்றாசிரியனுக்கு வேலை? என் கையில் ஓர் ஆவணம் இருக்கிறது. என் தந்தையார் 1975ஆம் ஆண்டில் எழுதத் தொடங்கிய கோடு போட்ட நோட்டுப் புத்தகம் அது. எங்கள் வீட்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு காருக்கு வீட்டு வாசலிலேயே செய்யப்பட்ட பழுதுபார்ப்பு வேலைகள் யாவும் அதில் பதிவாகியுள்ளன. முதல் சில பக்கங்களில் தேதியும் வேலையும் மட்டுமே உண்டு. பிறகு 'செய்தவர்' என்று ஒரு பத்தி புதிதாகச் சேர்ந்திருக்கிறது. அது சேர்ந்த காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

ஓர் ஆரம்பப் பள்ளி ஆசிரியர், பட்டறை எதிலும் பயிலாதவர், தம் காரின் கிளட்சை வீட்டுத் திண்ணையோரத்தில் தாமே மாற்றினார் என்றால் நம்புவீர்களா? அது எப்படி இயன்றது என்று நான் பல ஆண்டுகள் எண்ணியதில்லை. தந்தையாரின் திறமை என்றே நினைத்திருந்தேன். திறமை இருந்தது உண்மை. ஆனால், கடல் கடந்து நடந்த ஒரு வாணிபச் சங்கடமும் அதற்குக் காரணம் என்பதைப் பின்னரே கற்றேன்.

இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு நிறுவனத்தார்க்குக் கார்க் கூடுகளைச் செய்து கொடுத்து வந்தது ஃபிஷர் அண்டு லட்லோ என்னும் ஆலை. 1953இல் அந்த ஆலையை அவர்களுடைய போட்டியாளரான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வாங்கிவிட்டது. இனிப் புதிய காருக்குக் கூடு எங்கே செய்வது? ஒரே பெரிய கூட்டை அழுத்தி வார்க்கும் வசதி அவர்களிடம் இல்லை. ஆகவே, கூட்டைப் பல துண்டுகளாகப் பிரித்து, வெவ்வேறு ஆலைகளில் செய்வித்து, தனியாக நிற்கும் ஓர் இரும்புச் சட்டத்தின் மேல் மரையாணிகளால் இணைத்துவிடுவது என்று முடிவு செய்தனர். மற்ற நிறுவனங்கள் சட்டத்தையும் கூட்டையும் ஒன்றாக்கிக்கொண்டிருந்த காலத்தில் இது பழைய வழி என்றே கருதப்பட்டது. அதற்கு வடிவம் தந்தவர் மிக்கெலோட்டி என்னும் இத்தாலியர். 1959இல் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் அந்தக் கார் வெளிவந்தது. துண்டு துண்டாகப் பிரியும் வண்டியைப் பெட்டிகளில் அடைத்து வெளிநாடுகளுக்கு அனுப்பிப் பூட்டுவது எளிது. சென்னையை அடுத்த வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் பிராடக்ட்ஸ் ஆலையில் 1961 முதல் அது ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் உருவாகலாயிற்று. 1968 அளவில் நான்கு கதவுகள் கொண்ட ஹெரால்டையும் நம்மவர்கள் செய்தார்கள். இங்கிலாந்தில் அப்படி ஒன்று விற்பனைக்கு வந்ததே இல்லை.

அந்த வண்டியின் முன்பகுதி முழுவதும், பானட்டும் இரு பக்க மட்கார்டுகளும் ஒன்றாக, முன்னோக்கிக் கவிழ்ந்து திறந்துகொள்ளும். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கொக்கிகளை விடுவித்தால் போதும். இயந்திரம், ரேடியேட்டர், முன் சக்கரங்கள், ஸ்டியரிங் தண்டு யாவும் தட்டில் வைத்ததுபோல் தெரியும். முன் டயரின் மேல் கோணியை விரித்து உட்கார்ந்துகொண்டு வேலை செய்யலாம். என் தந்தையார் அப்படித்தான் உட்காருவார்.

அன்று மற்றக் கார்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தன; ஆனால் எண்ணி மூன்றே வீடுகளிலிருந்து வந்தன. 1949இல் முழுதாகக் கட்டிய கார்களின் இறக்குமதி தடை செய்யப்பட்டது. 1953இல் சுங்கத் தீர்வைக் குழு, உள்நாட்டிலேயே பாகங்களைச் செய்யும் திட்டம் உடையவர்களே தொழிலில் நீடிக்க வேண்டும் என்ற நிலையை உண்டாக்கவே, ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் இந்தியாவை விட்டு அகன்றன. எஞ்சியவை உத்தரபாராவின் அம்பாசடர், பம்பாயின் ஃபியட், சென்னையின் ஸ்டாண்டர்டு ஆகியவையே. புதிய காருக்குப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது வழக்கம். வாங்கிய காரைப் பேரன் காலம் வரை ஓட்டியாக வேண்டும் என்ற எண்ணமும் அதனால்தான் வந்தது. 1973இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறியபோது, பெட்ரோல் செலவுக்கு அஞ்சிய திருவண்ணாமலை வியாபாரி ஒருவர் தம் 1969ஆம் ஆண்டு ஹெரால்டை விற்க முன்வந்தார். அதுதான் எங்கள் வாசலுக்கு வந்தது. விலையை நோட்டில் எழுதாமல் விட்டிருக்கிறார் தந்தையார். என் தாயார் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக இருக்கலாம்.

இனி இயந்திரத்துக்கு வருவோம். பெட்ரோல் இயந்திரம் ஓரளவு வேகத்தில் சுழலும்போதுதான் வலிமை காட்டும். நின்ற நிலையில் அதற்கு வலிமை இல்லை. மாட்டு வண்டிக்கு அந்தக் குறை கிடையாது. ஆகவே, சுழலும் இயந்திரத்தையும் நிற்கும் சக்கரத்தையும் மெல்ல இணைக்கக் கிளட்சும், ஏற்றத்துக்கும் சமதரைக்கும் ஏற்பச் சுழற்சியை மாற்றிக் கொடுக்கப் பற்சக்கரப் பெட்டியும் தேவைப்பட்டன. 1890களில் பிரான்சில் லெவாசோர் என்பார் பாந்தார் வண்டிகளில் அமைத்த நகரும் பற்சக்கர முறையே இன்றைய கியர்ப் பெட்டிக்கு மூதாதை. சுழலும் பற்களைச் சுழலும் பற்களோடு மோதவிட்டுச் சேர்க்கும் முரட்டு ஏற்பாடு அது. 1928இல் அமெரிக்காவின் காடிலாக் கார், பற்கள் சேரும் முன்பே கூம்பு வடிவ வளையங்கள் உரசி இரண்டின் வேகத்தையும் சமமாக்கும் உபாயத்தைக் கொண்டு வந்தது. எங்கள் ஹெரால்டுக்கு நான்கு கியர்கள். மேல் மூன்றுக்கு இந்த உபாயம் உண்டு. முதல் கியருக்கு இல்லை. வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது முதல் கியருக்கு இறங்க வேண்டுமானால், கிளட்சை ஒரு முறை மிதித்து நடுநிலைக்கு வந்து, விட்டு, ஆக்சிலேட்டரைச் சிறிது அழுத்தி, மறுமுறை கிளட்சை மிதித்துச் சேர்க்க வேண்டும். தவறினால் பெட்டி அலறும். அந்த அலறல் கேட்டால் திண்ணையில் படுத்திருக்கும் என் பாட்டனார், "யாருடா அது, பல்லைக் கடிக்கிறது?" என்பார்.

இவ்வண்டியின் கியர்ப் பெட்டியைக் கழற்ற வண்டிக்கு அடியில் புக வேண்டுவதில்லை. முன் இருக்கைகளை எடுத்து, நடுவே கூடாரம் போலிருக்கும் மூடியை அகற்றினால், பெட்டி காருக்குள்ளேயே வெளிப்படும். குழி வேண்டாம், தூக்கும் பொறி வேண்டாம், இரண்டு ஆட்கள் போதும். 1979இல் கிளட்சுத் தகடு தேய்ந்து, செஞ்சிக்குப் போகும் வழியில் இயந்திரம் இரைந்தும் வண்டி நகராமல் நின்றபோது, என் தந்தையாரும் சிற்றப்பாவும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அவ்வேலையை முடித்தனர். மரையாணிகளைக் கழற்றிய வரிசையிலேயே அட்டையில் குத்தி வைத்தனர். அந்த அட்டை இன்றும் இருக்கிறது.

பட்டறைச் சொற்களிலும் வரலாறு ஒளிந்திருக்கிறது. மாற்றுச் சக்கரத்தை நாம் ஸ்டெப்னி என்கிறோம். வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரின் ஸ்டெப்னி தெருவில் 1904 வாக்கில் தொடங்கிய ஒரு நிறுவனத்தின் பெயர் அது. அங்கே அச்சொல்லை மறந்துவிட்டார்கள், நாம் மறக்கவில்லை. பிளக்குகளுக்கு முறைப்படி மின்சாரத்தைப் பகிரும் கருவியைப் பழைய மெக்கானிக்குகள் டெல்கோ என்பார்கள். அது கெட்டரிங் என்ற அமெரிக்கர் நிறுவிய கம்பெனியின் பெயர். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் வகுத்த பொறி மூட்டும் முறைதான் எங்கள் ஹெரால்டிலும் இருக்கிறது. பாயிண்ட் எனப்படும் இரு சிறு உலோக முனைகள் சேர்ந்திருக்கும்போது சுருளில் மின்சாரம் ஓடும்; அவை பிரியும் கணத்தில் அவ்வோட்டம் அறுபட்டு, பல்லாயிரம் வோல்ட் அழுத்தம் எழுந்து பிளக்கில் பொறியாகப் பாயும். இயந்திரம் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றினால், நான்கு சிலிண்டர்களுக்குமாக நொடிக்கு 100 பொறிகள். அம்முனைகளின் இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு. மெல்லிய எஃகுத் தகட்டைச் செருகி அளந்து வைக்க வேண்டும்.

என் கதைக்கு இப்போது வருகிறேன். 1976இல் எனக்குப் பன்னிரண்டு வயது. ஒரு மாலை, தந்தையார் இல்லாத நேரத்தில், அவர் செய்வதைப் பார்த்துப் பழகிய துணிவில், பாயிண்டைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி பூட்டி வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அன்றிரவு, எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலை விளைந்த கொல்லையில் காவலுக்குப் படுத்திருந்த பக்கத்து வீட்டுப் பையனைப் பாம்பு கடித்துவிட்டது. அவனைத் தோளில் சுமந்துகொண்டு அவன் தகப்பனார் வாசலில் வந்து நின்று, "வாத்தியாரே, வண்டியை எடுங்க" என்றார். தந்தையார் சாவியைத் திருப்பினார். இயந்திரம் சுழன்றதேயன்றிப் பற்றிக்கொள்ளவில்லை. நால்வர் தள்ளினார்கள், அப்போதும் இல்லை.

தந்தையார் முகப்பைக் கவிழ்த்து, டெல்கோவின் மூடியைத் திறந்து, டார்ச்சு விளக்கை என் கையில் கொடுத்தார். என் கை நடுங்கிய விதத்திலேயே அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். "எதைக் கழற்றினாய்?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அசையும் முனையின் வில்லுக்கும் கீழ்த்தகட்டுக்கும் இடையே மின்சாரம் கடவாத ஒரு சிறு வளையம் உண்டு. அதை நான் இடம் மாற்றிப் பூட்டியிருந்தேன். முனைகள் பிரிந்தாலும் மின்னோட்டம் அறுபட வழியில்லை. ஆகவே பொறியும் இல்லை. வளையத்தைச் சரியாக இட்டு, எஃகுத் தகட்டைத் தேடாமல், தபால் அட்டை ஒன்றின் கனத்தை வைத்து இடைவெளியைச் சரி செய்தார். பத்து நிமிடம் ஆயிற்று. அந்தப் பத்து நிமிடத்தில் அந்தத் தாய் என்னைப் பார்த்த பார்வையை நான் சொல்லப் போவதில்லை. வண்டி கிளம்பிற்று. திருவண்ணாமலை மருத்துவமனையில் பையன் பிழைத்துக்கொண்டான். மறுநாள் நோட்டில் 'செய்தவர்' என்ற பத்தி வரையப்பட்டிருந்தது. முந்திய நாள் வேலைக்கு எதிரே என் பெயரை நானே எழுத வேண்டும் என்றார். எழுதினேன். அதற்குப் பிறகும் எனக்கு ஸ்பானர் கொடுக்க அவர் மறுக்கவில்லை.

நிற்க. வண்டலூர் ஆலைக்கு என்ன நேர்ந்தது? 1970களின் தொடக்கத்தில் ஹெரால்டின் வழித்தோன்றலாகக் கெஸல் என்ற கார் வந்தது; சில ஆண்டுகளில் அதுவும் நின்றது. 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரைக் கொண்டு வந்தனர். புறத்தோற்றம் ரோவர் காருடையது. உள்ளே இருந்ததோ பழைய தலைமுறை இயந்திரம். விலையும் மிகுதி, பெட்ரோலும் மிகுதியாகக் குடித்தது. 1983 இறுதியிலேயே மாருதி 800 வந்துவிட்டிருந்த நாட்டில் அதை வாங்குவோர் குறைவு. 1988 அளவில் உற்பத்தி நின்றுபோயிற்று. விந்தை என்னவென்றால், உள்நாட்டுப் பாகங்களே வேண்டும் என்ற கட்டாயத்தில் வளர்ந்த செம்பியத்து இந்தியா பிஸ்டன்ஸ், பாடியில் 1960களின் தொடக்கத்தில் எழுந்த லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா போன்றவை நிலைத்து நின்றன. கார் செய்த ஆலை மறைந்தது. பாகம் செய்தவர்கள் பெருகினர். பிற்காலத்தில் அந்நிய நிறுவனங்கள் சென்னையைச் சுற்றி ஆலை அமைத்ததற்கு இவர்களும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

இன்றைய கார்களின் பானட்டைத் திறந்தால் பிளாஸ்டிக் மூடிதான் தெரிகிறது. அவை பழுதாவது அரிது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஹெரால்டை வைத்திருப்பவன் அதை மறுத்தால் பொய்யனாவான். கம்ப்யூட்டர் பொறியை மூட்டுகிறது. தேய்வதற்குப் பாயிண்டே இல்லை. எனக்கு இன்றுள்ள தொல்லைகள் வேறு. எத்தனால் 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் பரவிய பின் பழைய ரப்பர்க் குழாய்கள் ஊறிக் கசிகின்றன. எரிபொருள் பம்பின் சவ்வையும் மாற்ற நேர்ந்தது. பதினைந்து ஆண்டு கடந்த கார்களின் மறுபதிவுக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5000 ரூபாயாக உயர்ந்தது. ஐம்பது ஆண்டு கடந்த, மாற்றம் செய்யப்படாத கார்களைத் தொன்மை வாகனமாகப் பதிவு செய்துகொள்ளலாம் என்று 2021இல் ஒரு விதி வந்திருக்கிறது. நண்பர்கள் அதையே செய்யச் சொல்கிறார்கள். அப்படிச் செய்தால் கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் ஓட்டலாமே தவிர, அன்றாடம் ஓட்டக் கூடாது. இரவு பத்து மணிக்கு யாராவது வாசலில் வந்து நின்றால் நான் என்ன சொல்வது? ஆகவே விண்ணப்பிக்கவில்லை.

தற்சமயம் கிளட்சு மறுபடியும் தேய்ந்துவிட்டது. முன் இருக்கைகள் இரண்டும் திண்ணையில் கிடக்கின்றன. நடு மூடி கொல்லைப்புறத்தில் காய்கிறது. புதிய தகடு சென்னையிலிருந்து வர வேண்டும். பெட்டியைத் தூக்க இன்னொருவர் வேண்டும். அன்று பாம்பு கடித்த அந்தப் பையன், இப்போது அறுபதை நெருங்கியவர், ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.